கடைசி பெட்டு உனக்குத்தான்

அடியே தேவி,

ரெண்டு வாரமா எழுதணும் எழுதணும்னு நெனச்சு இன்னைக்குத்தான் உக்காந்தேன். மீனா, கலா, ஜெயந்தி, நான்னு நம்ம ஹாஸ்டல் செட்டு நாலு பேரும் ஆஸ்திரேலியால சுத்துன போட்டோதான் எல்லாம் குரூப்ல போட்டாச்சே அப்புறம் என்ன எழுதறதுன்னு கேப்ப, போட்டோல இருக்குறது பூரா சிரிச்ச மூஞ்சி, நடந்தது வேற கதை. அதுக்கு முன்னாடி உங்க அத்தைக்கு இடுப்பு எப்படி இருக்கு? வாக்கர் பிடிச்சு பாத்ரூம் வரைக்குமாவது நடக்குறாங்களா? நீ டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்னு சொன்ன அன்னைக்கு மீனா அழுதேவிட்டா தெரியுமா, கலா மட்டும் "பரவால்ல ஒரு பெட்டு மிச்சம், பெட்டியெல்லாம் அதுல வச்சுக்கலாம்"னா. அவ அப்படித்தான், உனக்குத் தெரியாததா.

மோட்டார்ஹோம்னா என்னன்னு உங்க வீட்டுக்காரர் கேட்டாருன்னியே, பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் பொறந்த புள்ளைன்னு சொல்லு. ஏழு மீட்டர் நீளம், மூணு மீட்டருக்கு மேல ஒசரம், உள்ள அடுப்பு ஃப்ரிட்ஜ் கக்கூஸ் குளிக்கிற எடம் எல்லாம் இருக்கு. டிரைவர் தலைக்கு மேல ஒரு பெட்டு, பின்னாடி ஒரு பெட்டு, சாப்பிடுற மேஜைய கீழ எறக்கி மெத்தைய விரிச்சா அதுவும் பெட்டு. நாலரை டன்னுக்குள்ள இருந்தா இங்க கார் லைசென்ஸே போதும், மீனாவோட இண்டியன் லைசென்ஸ் இங்கிலீஷ்ல இருந்ததால அவளும் ஓட்டலாம்னுட்டாங்க, நானும் அவளும் மாத்தி மாத்தி ஓட்டுனோம். ஸ்கூல் லீவு முடியட்டும் வாடகை கொறையும்னு காத்திருந்து அக்டோபர் நடுவுல கெளம்புனோம், சிட்னில வண்டிய எடுத்து கடலோரமாவே வடக்க போயி பிரிஸ்பேன்ல விடறதுன்னு பிளான். நேரா போனா 900 கிலோமீட்டர் சொச்சம்தான், நாங்க பத்து நாளா உருட்டுனோம். ரோடு இப்ப அருமைடி, பசிபிக் ஹைவேய இருவது வருசத்துக்கும் மேல அகலப்படுத்திக்கிட்டே இருந்து 2020 கடைசிலதான் குயின்ஸ்லாண்ட் பார்டர் வரைக்கும் ரெட்டை ரோடா முடிச்சாங்க.

மொத நாளே பாடம். சிட்னில பெண்டில் ஹில்ல இருக்குற நம்மூர்க்காரங்க கடைல இட்லி மாவு புளி பெருங்காயம் மிளகாப்பொடி எல்லாம் வாங்கி கப்போர்டுல அடுக்கிட்டு லாக்க போடாம விட்டுட்டோம், நியூகாசில் பக்கம் ஒரு ரவுண்டானால நான் திரும்புனேன் பாரு, மேல இருந்து மிளகாப்பொடி டப்பா ஜெயந்தி மடில வந்து கொட்டுச்சு. வெள்ளை சுடிதார் வேற. பின்னாடி சீட்ல இருந்த கலா "லாக் போடச் சொன்னேன்ல"ன்னு எங்கயோ பாத்துக்கிட்டு சொல்றா, அவகிட்ட நேரா சொல்லல. ஜெயந்தியும் என்கிட்ட "சிலருக்கு சொல்றதுக்கு மட்டும்தான் தெரியும்"ங்குறா. எனக்கு அப்பவே வயித்த கலக்கிருச்சு. 2016 கதை இன்னும் ஆறல பாத்துக்கோ. கலா தன் பொண்ணு கல்யாணத்துக்கு ஜெயந்திக்குப் பத்திரிகைய நேர்ல வைக்காம வாட்ஸப்ல அனுப்புனது, இவ போகாதது, அவ கேக்காதது. ரெண்டு பேரும் குரூப்ல குட்மார்னிங் மட்டும் போட்டுக்கிட்டு காலத்த ஓட்டிட்டாளுக, இப்ப ஏழு மீட்டர் டப்பாக்குள்ள பத்து நாள் அடைச்சு வச்சா என்ன ஆகும் சொல்லு.

கலா மொத ராத்திரியே டைம்டேபிள் போட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டா. வண்டி ஓட்டுறது யாரு, சமையல் யாரு, கரண்ட் கேபிள் சொருகுறது யாரு (இங்க கேரவன் பார்க்ல, அதாவது இந்த மாதிரி வண்டிய ராத்திரி நிறுத்தித் தங்குற எடத்துல, 15 ஆம்ப் ப்ளக்கு, அதுல ஒரு காலு மட்டும் பெருசா இருக்கும், வீட்டு ப்ளக் பாயிண்ட்ல நுழையாது), நல்ல தண்ணி ரொப்புறது யாரு, பாத்திரம் கழுவுன தண்ணிய எறக்குறது யாரு, கடைசியா கசெட். கசெட்னா பாட்டுக் கேசட் இல்லடி, கக்கூஸ் டப்பா. வண்டிக்கு வெளிப்பக்கமா ஒரு சின்னக் கதவு இருக்கும், அதத் தொறந்தா சூட்கேஸ் மாதிரி சக்கரம் வச்ச ஒரு டப்பா வரும், அத இழுத்துக்கிட்டு டம்ப் பாயிண்ட்னு ஒரு எடம் இருக்கும் அங்க போய் கவுத்து, அலசி, நீலக் கலர்ல ஒரு மருந்து ஊத்தி திரும்ப மாட்டணும். இத யாரும் எடுக்கல. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஜோடி ஜோடியா பண்ணணும்னு மீனா சொல்ல, மொத ரெண்டு தடவையும் நானும் மீனாவுமே மாட்டுனோம், என் ராசி.

போர்ட் ஸ்டீபன்ஸ், ஃபார்ஸ்டர் எல்லாம் போட்டோல பாத்துருப்ப. போர்ட் மெக்குவாரில கோலா கரடி ஆஸ்பத்திரின்னு ஒண்ணு இருக்கு, 1973-லருந்து நடத்துறாங்க, தீக்காயம் பட்டது கார்ல அடிபட்டதுன்னு ஒவ்வொண்ணும் மரக்கிளைல தூங்கிக்கிட்டு இருக்கு. அதுங்களுக்குப் பேரு வைக்கிற மொறைதான் எனக்குப் புடிச்சுது, எந்தத் தெருவுல எந்த எடத்துல கெடச்சுதோ அந்தப் பேரு முன்னாடி, அப்புறம்தான் அதோட பேரு. "நம்ம ஊர் இனிஷியல் மாதிரியே இருக்கேடி, உசிலம்பட்டி முருகேசன் மாதிரி"ன்னா ஜெயந்தி, கலா சிரிச்சுட்டா, சிரிச்சத மறைக்க இருமுனா. நான் பாத்துட்டேன்.

அடுத்தது சௌத் வெஸ்ட் ராக்ஸ். அங்க கடல் ஓரமா ஒரு பழைய ஜெயில் நிக்குது, ட்ரையல் பே ஜெயில், சுத்தி கங்காரு மேயுது, சுவத்துக்கு அந்தப் பக்கம் பச்சையும் நீலமுமா கடல், ஜெயிலுக்கு இப்படி ஒரு எடமான்னு இருக்கும். 1886-ல தொறந்துருக்காங்க, கைதிகள வச்சு கடல்ல கல்லப் போட்டு அலை தடுக்குற சுவர் கட்டலாம்னு, கடல் விடல, 1903-ல மூடிட்டாங்க. அப்புறம் மொத உலகப் போர்ல 1915-லருந்து 1918 வரைக்கும் ஜெர்மன்காரங்கள இங்க அடைச்சு வச்சிருக்காங்க, அவங்க உள்ளயே நாடகம் போட்டு, பாட்டுக் கச்சேரி வச்சு, பேப்பர் கூட நடத்திருக்காங்க. ஜெர்மன்னு போர்டுல பாத்ததும் மீனா "எம்டன்!"னு கத்துறா. ஹாஸ்டல் வார்டனுக்கு நாம வச்ச பேரு ஞாபகம் இருக்கா? சத்தமில்லாம வந்து நிப்பாங்களே. நான் அவளுகளுக்கு சிட்னில மொத நாளே ஹைட் பார்க்ல ஒரு பீரங்கியக் காட்டிருந்தேன், அது நெசமாவே எம்டன்ங்குற ஜெர்மன் போர்க்கப்பலோட பீரங்கி. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ்ல எண்ணெய் டாங்குகள சுட்டுட்டுப் போச்சே அதே கப்பல், நவம்பர் 9-ந்தேதி கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியாவோட சிட்னிங்குற கப்பல் அத அடிச்சு முடிச்சுருச்சு, அதுலருந்து எடுத்துட்டு வந்து இங்க நட்டு வச்சிருக்காங்க. கூட்டத்துல ஒருத்தருக்கும் அது என்னன்னு தெரியாம பக்கத்துல உக்காந்து சாண்ட்விச் தின்னுக்கிட்டு இருக்காங்க, நாங்க நாலு பேரு மட்டும் சொந்தக்காரங்க சமாதியப் பாத்த மாதிரி நிக்குறோம். அந்த ஜெயில்ல வச்சு ஜெயந்தி என் காதுல "நம்ம வண்டிலயும் ஒரு எம்டன் வருது"ன்னா. டைம்டேபிள சொல்றா.

காஃப்ஸ் ஹார்பர்ல 1964-லருந்து ரோட்டோரமா நிக்குற ஒரு பெரிய சிமெண்ட் வாழைப்பழத்துக்கு முன்னாடி நின்னு எல்லாரும் போட்டோ எடுத்துக்குறாங்க, நாமளும் எடுத்தோம், அதுல ஒண்ணும் இல்ல. அதுக்கு கொஞ்சம் வடக்க வூல்கூல்கான்னு ஒரு ஊரு, அங்கதான் எனக்கு ஆச்சரியம். வாழைத் தோட்ட வேலைக்குன்னு வந்த பஞ்சாபிக்காரங்க தலைமுறை தலைமுறையா அங்கயே இருக்காங்க, இப்ப வாழை போய் ப்ளூபெர்ரி. மேட்டுல வெள்ளை வெளேர்னு ஒரு குருத்வாரா. தலைய மூடிக்கிட்டு உள்ள போனோம், ஒரு பாட்டி எங்களப் பாத்து ஏதோ பஞ்சாபில கேட்டாங்க, புரியலைன்னதும் சிரிச்சுக்கிட்டே ரொட்டியும் பருப்பும் டீயும் கொண்டுவந்து வச்சாங்க. அஞ்சு நாளா பிரெட்டத் தின்ன நாக்குக்கு அந்தப் பருப்பு அப்படி இருந்துச்சு. கலா ரெண்டு தடவை வாங்குனா. ஜெயந்தி அவ தட்ட எடுத்துட்டுப் போய் தன் தட்டோட சேத்துக் கழுவி வச்சா, ஒரு வார்த்தை பேசல.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். யம்பா. கிளாரன்ஸ் ஆறு கடல்ல சேர்ற எடம், சுத்தி கரும்புத் தோட்டம், இறாலுக்குப் பேரு போன ஊரு. கடைல போய் பச்சை இறால் வேணும்னு எப்படிக் கேக்குறதுன்னு மீனா யோசிக்கிறா, நான் "க்ரீன் ப்ரான்ஸ்னே கேளு"ன்னேன், நம்புல, கேட்டா, ஒரு கிலோ எடுத்துக் குடுத்தான். ஆமாடி, வேகாத இறாலுக்கு இங்க க்ரீன்னுதான் பேரு, கலருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, நாம சொல்ற அதே பச்சை! கேரவன் பார்க்ல எல்லாருக்கும் பொதுவா கரண்ட் அடுப்பு இருக்கும், தட்டையா தோசைக்கல்லு மாதிரி, காசு கெடையாது. அதுல மிளகாப்பொடி (மிச்சம் இருந்தது) மஞ்சள் உப்பு போட்டு ஜெயந்தி பெரட்டுன இறாலுக்கு பக்கத்து கேரவன்ல இருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தா பீர் பாட்டிலோட வந்து நின்னாரு. குடுத்தோம். கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டே இன்னும் ரெண்டு எடுத்தாரு.

மறுநாள் காலைல சீட்டு எடுத்தா, கசெட்டுக்கு கலாவும் ஜெயந்தியும். நான் சத்தியமா குலுக்கல்ல ஒண்ணும் பண்ணல, மீனாவக் கேளு, அவ பண்ணிருந்தா எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் க்ளவுஸ் மாட்டிக்கிட்டு பொணத்த இழுத்துட்டுப் போற மாதிரி அந்த டப்பாவ இழுத்துட்டுப் போறாளுக, நாங்க ஜன்னல்ல இருந்து பாக்குறோம். கவுக்கும்போது காத்து வர்றதுக்கு ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்கிப் புடிச்சுக்கணும், இல்லைனா குபுக் குபுக்னு தெறிக்கும். கலா அத அமுக்கல. தெறிச்சுது. கலா நைட்டில முழங்கால் வரைக்கும். ஜெயந்தி பதறிப் போயி பக்கத்துல இருந்த ஹோஸ் பைப்பத் தொறந்தா, அது பாம்பு மாதிரி துள்ளி கலா மூஞ்சிலயே அடிக்குது. ஒரு நிமிசம் ரெண்டு பேரும் அப்படியே நின்னாளுக, எனக்கு உசிரே இல்ல. அப்புறம் கலா சிரிச்சா பாரு, ஹாஸ்டல்ல மெஸ் சாம்பார்ல பல்லி விழுந்த அன்னைக்கு சிரிச்சாளே அந்த சிரிப்பு, மூச்சு முட்டி தரைல உக்காந்துட்டா, ஜெயந்தி பைப்ப மூடாமலே சிரிக்கிறா, தண்ணி பாட்டுக்கு ஓடுது. அரை மணி நேரம் கழிச்சு குளிச்சுட்டு வந்து காபி குடிக்கும்போது ஜெயந்தி ரொம்ப சாதாரணமா, "உன் பொண்ணு கல்யாணத்துல சாப்பாடு யாருடி?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். கலா இலைல மொதல்ல வச்ச இனிப்புலருந்து கடைசி பீடா வரைக்கும் சொல்றா, இவ "பால் பாயசமா அடைப் பிரதமனா"ன்னு குறுக்குக் கேள்வி வேற. மன்னிப்பு ஒண்ணும் கேட்டுக்கல, நானும் மீனாவும் பாத்திரத்த மெதுவா கழுவுனோம், ரொம்ப மெதுவா.

பைரன் பேல வண்டிய கீழயே விட்டுட்டு லைட்ஹவுஸுக்கு நடந்தோம், 1901-ல கட்டுனது, ஆஸ்திரேலியாப் பெருநிலத்துக்கே கிழக்குக் கடைசி முனை. கேப்டன் குக் 1770-ல ஜான் பைரன்னு ஒரு கடற்படைக்காரர் பேர வச்சிருக்காரு, அவரு கவிஞர் பைரனோட தாத்தா. பின்னாடி வந்தவங்க கவிஞர்தான்னு நெனச்சுக்கிட்டு தெருவுக்கெல்லாம் ஜான்சன், மார்வெல், டென்னிசன்னு கவிஞர்கள் பேரா வச்சுட்டாங்கன்னு சொல்றாங்க. கீழ கடல்ல ஒரு தாய்த் திமிங்கலமும் குட்டியும் தெற்க போய்க்கிட்டு இருந்துச்சு, அக்டோபர்ல அப்படித்தான், குட்டியப் போட்டுட்டு அண்டார்டிகா பக்கம் திரும்புற நேரம். தாய் மெதுவா வருது, குட்டி மட்டும் துள்ளித் துள்ளி விழுது. முட்டி வலிக்குதுன்னு மூணு எடத்துல உக்காந்த மீனா அதப் பாத்ததும் ஓடுனா.

பார்டர்ல இன்னொரு கூத்து. ட்வீட் ஹெட்ஸ் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், கூலங்கட்டா குயின்ஸ்லாண்ட் மாநிலம், நடுவுல ஒரு தெருதான், ஆனா இந்தப் பக்கம் கோடைக்கு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைப்பாங்க, குயின்ஸ்லாண்ட்ல அப்படி மாத்துறதில்ல, அதனால ரோட்டத் தாண்டுனா ஒரு மணி நேரம் கொறைஞ்சுரும். நம்ம போன் அங்க ஒரு டவர் இங்க ஒரு டவர்னு புடிச்சு எட்டு மணி ஒன்பது மணி எட்டு மணின்னு மாறிக்கிட்டே இருக்கு. கலாவோட டைம்டேபிள் அன்னைக்குச் செத்துச்சு. அவளே கிழிச்சுப் போட்டா.

கடைசில வண்டிய ஒப்படைக்கும்போது அங்க இருந்த பையன் பக்கவாட்டுல ஒரு கீறலக் காட்டி டெபாசிட்ல பிடிப்போம்னான். எனக்கு கை கால் ஓடல. எடுக்கும்போதே கலா வண்டிய சுத்தி சுத்தி வீடியோ எடுத்தப்ப நாங்க மூணு பேரும் கிண்டல் பண்ணோம். இப்ப அவ போன எடுக்குறதுக்கு முன்னாடியே ஜெயந்தி முன்னாடி போய் நின்னு, தமிழ்ல, "தம்பி, எங்க கலா எல்லாத்தையும் வீடியோ எடுத்துருக்கா"ன்னா. அவனுக்கு என்ன புரிஞ்சுதோ, வீடியோவப் பாத்துட்டு முழுசா திருப்பிக் குடுத்துட்டான்.

தை மாசம் கலா பையனுக்குக் கல்யாணம் வருது. ஜெயந்தி வீட்டுக்குத்தான் மொதல்ல தாம்பாளத்தோட போறாளாம், உன் வீட்டுக்கு ரெண்டாவது, அதுக்கு நீ ஏதாவது கிளப்பி விட்டுறாத தாயே. உன் பெட்டு மேல கடைசி வரைக்கும் பெட்டிதான் இருந்துச்சு, ஆனா ராத்திரி படுக்கும்போது மீனா தெனம் "தேவி, லைட்ட அணைச்சுரு"ன்னு அந்தப் பெட்டியப் பாத்து சொல்லிட்டுத்தான் படுப்பா.

அத்தைக்கு முருங்கைக்கீரை சூப் குடுக்குறியா? பதில் போடு, வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், எழுது.

உன்
பானு