இறங்கச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

உயரமலை ஓட்டங்களில் எங்களுக்காகக் கொடி நட்டவர்களே, தண்ணீர் சுமந்தவர்களே, பையைத் திறந்து சோதித்தவர்களே, கடைசி ஆளுக்கும் பின்னால் நடந்து வந்தவர்களே, வணக்கம்.

சிகரத்தைத் தொட்டவரின் படம் எல்லா இடத்திலும் வருகிறது. "இதோடு போதும், இறங்குங்க" என்று சொன்னவரின் படம் எங்கேயும் வருவதில்லை. சொன்ன நேரத்தில் அவரோடு மல்லுக்கு நிற்காத ஓட்டக்காரரும் குறைவு. அதனால் முதல் நன்றி, மேல் முகாம்களில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்.

உங்கள் வேலை ஏன் கடினம் என்பது எங்களுக்குத் தெரியும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் சிகரத்திலும் ஒன்றுதான், 20.9 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். 4,300 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். 5,500 மீட்டரில் சரிபாதி. மூச்சு வாங்குவது, தலை கனப்பது, குமட்டுவது, கால் துவள்வது எல்லாம் அங்கே ஓடுகிற எவருக்கும் வரும். உயரநோயின் ஆரம்பமும் அப்படியேதான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய நீங்கள் கையாளும் வழி எளிது: உட்கார வைத்து, போர்த்தி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, அரை மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது. வெறும் களைப்பென்றால் முகம் தெளிந்துவிடும். உட்கார்ந்த பிறகும் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தால், வறட்டு இருமல் கூடிக்கொண்டே போனால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். தாழ்ந்த அழுத்தத்தில் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. சுருங்காத பகுதிக்குள் ரத்தம் அதிக அழுத்தத்தோடு பாய்ந்து, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. குளிரும் கடும் உழைப்பும் அந்த அழுத்தத்தை இன்னும் ஏற்றும். மலையோட்டத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

அடுத்து அந்த நேர்கோட்டு நடை. ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல்நுனியைத் தொடும்படி பத்தடி நடக்கச் சொல்கிறீர்கள். நெஞ்சில் குத்திய பந்தய எண்ணைக் குனிந்து பார்க்காமல் சொல்லச் சொல்கிறீர்கள். நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளை வீக்கமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே விவாதத்துக்கு இடமில்லை. மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்து முதலில் 8 மில்லிகிராம், பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மில்லிகிராம், கையிலிருந்தால் ஆக்சிஜன். இவை எல்லாம் நோயாளியைக் கீழே கொண்டுசேர்க்கும் வரை தாக்குப்பிடிக்கத்தான். 300 முதல் 1,000 மீட்டர் வரை இறக்குவதே வைத்தியம். புயலில் இறக்க முடியாதபோது காமோவ் பை என்ற காற்றுப்புகாத உறைக்குள் படுக்கவைத்து, காலால் பம்பை மிதித்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறீர்கள். உள்ளே இருப்பவருக்கு 1,500 மீட்டருக்கு மேல் இறங்கினாற்போல் இருக்கும். ஆனால் மிதிப்பதை நிறுத்தினால் அவர் விட்ட மூச்சே உள்ளே தேங்கும். ஆகவே மணிக்கணக்கில் ஆள் மாற்றி ஆள் மிதிக்கிறீர்கள். அந்தக் கால்களுக்கும் தனியாக ஒரு நன்றி.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அடிப்படையை 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. விரல் விறைத்திருந்தால் அந்தக் கருவி தப்பான எண்ணைக் காட்டும். நீங்கள் கையுறையைக் கழற்றி, எங்கள் விரலை உங்கள் இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடேற்றி, எண் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து, அதன் பிறகே எழுதிக்கொள்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி யாரையும் மேலே விடாததற்கும் நன்றி. 4,000 மீட்டருக்கு மேல் 85 என்று காட்டுகிற இருவரில் ஒருவர் நன்றாக இருப்பார், மற்றவர் ஆபத்தில் இருப்பார். அதே இடத்தில் மற்றவர்களுக்கு என்ன காட்டுகிறது, ஆளின் முகமும் நடையும் எப்படி என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள்.

மருந்து விஷயத்தில் முன்கூட்டியே வாய் திறந்து எச்சரித்தவர்களையும் மறக்கக் கூடாது. உயரநோயைத் தடுக்க மலையேறிகள் எடுக்கும் அசெட்டசோலமைடு, வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு இரண்டு முறை, சிறுநீர் பெருக்கி வகையைச் சேர்ந்தது. அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இருக்கிறது. நடைப்பயணமாகப் போகிறவருக்குப் பிரச்சினை இல்லை. போட்டியில் ஓடுபவருக்கு முன் அனுமதி வேண்டும். பக்கத்தில் ஓடுபவர் நீட்டும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. மாத்திரைக்குப் பதிலாக நாட்களைக் கொடுங்கள் என்று நீங்கள் சொல்வதுதான் சரி: 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு. லடாக்கின் கார்துங் லா ஓட்டம் போன்றவற்றில் பல நாள் முன்னதாகவே வந்து தங்கச் சொல்லும் அமைப்பாளர்களை "செலவு வைக்கிறார்கள்" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. முணுமுணுக்கட்டும். சிவப்பணுக்கள் கூடி உடம்பு முழுதாகப் பழக வாரக்கணக்கில் ஆகும். அந்தச் சில நாட்கள் மூச்சின் வேகமும் ஆழமும் உயரத்துக்கு ஒத்துவருவதற்காவது போதும்.

இந்த அறிவு ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஆல்ப்ஸ் மலையில், மாண்டே ரோசாவின் 4,554 மீட்டர் உயரத்தில் 1893-இல் திறக்கப்பட்ட மார்கெரிட்டா குடிலில் இத்தாலிய உடலியல் அறிஞர் ஆஞ்சலோ மோசோ மூச்சையும் நாடியையும் அளந்தார். 1960-61-இல் இமயமலையில் 5,800 மீட்டரில் அமைத்த 'வெள்ளிக் குடிசை' ஆய்வுக்கூடத்தில் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூவும் தோழர்களும் மாதக்கணக்கில் தங்கித் தங்களையே சோதித்துக்கொண்டார்கள். 1973-இல் நேபாளத்தில் தொடங்கிய இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன், எவரெஸ்ட் அடிவாரப் பாதையிலுள்ள பெரிச்சே கிராமத்தில் நடத்தும் சிறு மருத்துவமனை வழியாக, மெதுவாக ஏறுங்கள் என்று நடப்பவர்களிடம் சலிக்காமல் சொல்லி வருகிறது. இவர்கள் எழுதிவைத்ததைத்தான் நாங்கள் ஓடும்போது பயன்படுத்துகிறோம்.

அடுத்து, பை சோதிப்பவர்கள். புறப்படும் இடத்தில் எங்களிடம் அதிகம் ஏச்சு வாங்குபவர்கள் நீங்கள்தான். தலைமூடி வைத்த மழைச்சட்டையை வெளியே எடுக்கச் சொல்கிறீர்கள். அதை உள்பக்கம் திருப்பி, தையல்மேல் கட்டைவிரலை ஓட்டி, ஒட்டுப்பட்டை இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். பட்டை இல்லாதது காற்றைத் தடுக்கும், தூறலைத் தாங்கும். கொட்டும் மழையில் தையல் வழியாக நீர் உள்ளே வந்துவிடும். 1.40 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் உயிர்காப்புப் போர்வை, விசில், இரண்டு ஹெட்லாம்ப், கையுறை. ஆபத்தில் சிக்கினால் விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுக்கிறீர்கள். பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும்.

இது வீண் கெடுபிடி என்று நினைப்பவர்கள் 2021 மே 22-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். சீனாவின் கன்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று ஆலங்கட்டி மழையும் உறைபனிக் காற்றும் பிடித்துக்கொண்டன. பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேலாடையுமாக இருந்தார்கள். 21 பேர் இறந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வரை உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். காற்றோ செங்குத்துப் பாதையோ வேகத்தைக் குறைத்ததும் அந்தச் சூடு நின்றுவிடும், நனைந்த துணி இருப்பதையும் உறிஞ்சிவிடும். நடுக்கம் திடீரென்று நின்றுபோனால் உடம்பு தேறிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது, நிலைமை முற்றுகிறது என்றுதான் கொள்ள வேண்டும். அன்று அந்த மலைச்சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஆறு பேரைக் குகைக்குள் அழைத்துப்போய், தீ மூட்டிக் காப்பாற்றினார். அவருக்கு உலகத்து மலையோட்டக்காரர்கள் எல்லாருமே கடன்பட்டவர்கள். முகட்டை அடையும் முன்பே, காற்று மறைவில் நின்று சட்டையை மாட்டிக்கொள்ளுங்கள் என்று கத்தும் தன்னார்வலர்களே, இனி உங்கள் பேச்சைத் தட்டமாட்டோம்.

கொடி நடுபவர்களுக்கு வருவோம். மரங்கள் முடிந்து வெறும் பாறையாகும் இடத்திலிருந்துதான் உங்கள் திறமை தெரிகிறது. ஒரு கொடியின் அருகில் நின்றால், மூடுபனியிலும் அடுத்தது தென்பட வேண்டும். ஐம்பது மீட்டருக்கு ஒன்று என்றாலும் சில இடங்களில் போதாது. பாதை பிரியும் இடத்தில் திருப்பத்துக்கு முன்னே இரண்டு மூன்று, திருப்பத்தில் ஒன்று, திரும்பிய பிறகு "சரியாகத்தான் வந்திருக்கிறீர்கள்" என்று சொல்ல இன்னொன்று, தப்பான பாதையின் குறுக்கே ஒரு நாடா. அந்தக் கடைசிக் கொடி இல்லாவிட்டால் சந்தேகப்பட்டுத் திரும்பி வருபவர்களின் எண்ணிக்கை தப்பாகப் போனவர்களைவிட அதிகமாகிவிடும். எப்போதும் பாதையின் ஒரே பக்கமாக நடுகிறீர்கள், இரவுக்கு ஒளி திருப்பும் பட்டை ஒட்டுகிறீர்கள். மூன்று நாள் முன்னதாகக் கட்டிய ரிப்பனைக் காற்றும் கிழிக்கும், மாடும் மெல்லும். அதனால் முந்தைய நாள் மறுபடி ஏறிச் சரிபார்க்கிறீர்கள். நாங்கள் ஒருமுறை ஏறும் மலையை நீங்கள் மும்முறை ஏறுகிறீர்கள், அதுவும் முதுகில் கொடிக்கட்டோடு.

உதவி நிலையங்களில் நின்றவர்களுக்கு: 4,300 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், பனியை உருக்க எரிவாயு கணக்கில்லாமல் செலவாகும். அதையும் மீறி உப்பிட்ட சூடான சூப் வைத்திருந்தீர்கள். மேலே போகப் போக இனிப்பு ஜெல்லைக் கண்டாலே குமட்டும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கீழே போட்ட திட்டம் பாதியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, இருபது நிமிடத்துக்கு ஒரு வாய் என்று நீங்கள் ஊட்டாத குறையாகத் தந்ததால்தான் கால்கள் ஓடின. தாகம் இல்லாதவரைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்தாததும் பெரிய உதவி. விரல் வீங்கி மோதிரம் இறுகியவருக்குத் தண்ணீரைத் திணித்தால் ரத்தத்தில் உப்பு இன்னும் நீர்த்துப்போகும். உறிஞ்சுகுழாய் உறையாமல் இருக்க, குடித்ததும் குழாய்க்குள் திருப்பி ஊதிவிட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னீர்கள். அமெரிக்காவின் லெட்வில் நூறு மைல் ஓட்டத்தில் ஹோப் கணவாய்க்கு உணவுச் சாமான்களைச் சுமந்து செல்லும் லாமா என்ற பொதி விலங்குகளுக்கும் எங்கள் வணக்கம். அவற்றுக்குப் படிக்கத் தெரியாது என்றாலும்.

வானத்தைப் பார்த்து நேரக்கெடு வைத்தவர்களோடு எங்களுக்குச் சண்டை அதிகம். உயரமலைகளில் இடிமேகம் பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும். அதற்கு முன் முகட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்பதற்கே நண்பகல் கெடு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் ஆளைத் தடுக்கிறீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே விடுகிறீர்கள். இரண்டு நிமிடம் தாமதமாக வந்தவர் கெஞ்சியபோதும் நீங்கள் இளகவில்லை. பின்னால் வருபவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் ஏற்றத்தை முதல் ஆள் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து முடித்துவிடுகிறார், கடைசியில் வருபவர்களுக்கு அதைப்போல் மூன்று மடங்கு ஆகிறது. அவ்வளவு நேரமும் அவர்கள் அதே மெல்லிய காற்றிலும் அதே மேகத்தின் அடியிலும்தான் இருக்கிறார்கள்.

எல்லாருக்கும் பின்னால் நடந்து வந்தவர்களே, எண்களைச் சரிபார்த்தவர்களே. குளிரில் பேனா எழுதாது என்று பென்சிலோடு நின்று, கடந்துபோன ஒவ்வொரு எண்ணையும் நேரத்தோடு குறித்தீர்கள். புறப்பட்டவர்களின் எண்ணிக்கை, முடித்தவர்களும் விலகியவர்களும் சேர்ந்த எண்ணிக்கையோடு ஒத்துப்போகும் வரை ரேடியோவை அணைக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் பாதியில் வண்டியேறி அறைக்குப் போய்த் தூங்கிய ஒரே ஓர் ஆளுக்காக இரவெல்லாம் மலையில் விளக்கோடு தேடியிருக்கிறீர்கள். இனி விலகும்போது நெஞ்சிலிருந்து எண்ணைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்து, நீங்கள் குறித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர்வோம்.

நன்றியுடன்,
மலைப்பாதை ஓட்டக்காரர்கள்