கடைசி வரிக்கு முன்னால் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓமலூர் வட்டத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர். 24 ஆண்டுகளாக நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டுகிறேன். சேலத்திலிருந்து வடக்கே ஜவ்வரிசி ஏற்றிப் போவதும், அங்கே கிடைக்கிற ரிட்டர்ன் லோடோடு திரும்புவதும்தான் என் பிழைப்பு. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரு வரி விடாமல் படிப்பேன். வண்டி எந்த ஊர், என்ன லோடு, ஓட்டுநர் யார் என்று தேடுவேன். தெரிந்தவராக இருந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு. அந்தச் செய்திகளில் பல ஒரே மாதிரியாக முடிகின்றன: ஓட்டுநரின் தூக்கக் கலக்கமே விபத்துக்குக் காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது. அந்த வரி பொய் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார், அவரைத் தூங்கவிடாமல் நிறுத்திவைத்தது யார் என்று ஒருவராவது கேட்டதாக இதுவரை நான் படித்ததில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

விடிய விடிய ஓட்டுவதால்தான் எங்களுக்கு அலுப்பு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆறு மணி நேரம் நிம்மதியாகப் படுத்து எழுந்தவனுக்கு இரவுச் சாலை ஒரு பாரமே அல்ல. எங்கள் உடம்பைத் தின்பது காத்திருப்பு.

ஒரு நடையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் குடோன் என்றால், பகலில் கனரக வண்டிகள் நகருக்குள் வரக் கட்டுப்பாடு இருப்பதால், விடிவதற்கு முன்பே உள்ளே போய் நின்றுவிட வேண்டும். லோடுமேன்கள் வேறு வண்டியில் இருப்பார்கள். காலையில் ஏற்றுவதாகச் சொன்னது மதியமாகும், மதியம் மாலையாகும். 90 கிலோ மூட்டை ஒவ்வொன்றாக வந்து அட்டியாக அடுக்கப்படும்போது எண்ணிக்கைக்கு நான் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இறக்கும் இடத்தில் ஒரு மூட்டை குறைந்தாலும் அது என் படிக்காசில்தான் பிடிக்கப்படும். ஜவ்வரிசியில் ஈரம் பட்டால் சரக்கே போயிற்று என்பதால் இரண்டு தார்ப்பாய் போட்டு, கயிற்றைக் கொக்கிகளில் மாட்டி, பக்கப் பலகையில் காலை ஊன்றி, உடம்பின் முழு எடையையும் கொடுத்து இழுத்துக் கட்ட வேண்டும். முன்பெல்லாம் மறுபக்கம் கிளீனர் நிற்பார். இன்று பெரும்பாலான வண்டிகளில் அவருக்குப் படி கொடுக்க வாடகை கட்டுபடியாவதில்லை என்று கிளீனரையே எடுத்துவிட்டார்கள். பில் கைக்கு வந்து வண்டி கிளம்பும்போது இரவு பதினொரு மணி ஆகியிருக்கும். முதல் கிலோமீட்டர் ஓடுவதற்கு முன்பே நான் 18 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் கிருஷ்ணகிரி, ஓசூர், அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத் என்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாக்பூர் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் தொடங்குகிறது.

சரக்கோடு வரும் இ-வே பில்லுக்கு, அதாவது சரக்கை எடுத்துப் போவதற்கான ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டுக்கு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டு ஆயுள் தருகிறார்கள். அந்தக் கணக்கில் நாக்பூருக்கு ஒரு வார அவகாசம் உண்டு. சரக்கு அனுப்புகிறவர் எனக்குத் தரும் அவகாசம் அதில் பாதிகூட இல்லை. வடக்கே நவராத்திரிக்கும் ஏகாதசிக்கும் விரதம் இருப்பவர்கள் சாப்பிடும் சாபுதானா கிச்சடிக்கு நம் சேலத்து ஜவ்வரிசிதான் போகிறது என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு. ஆனால் அந்தப் பண்டிகை நாள்கள் நெருங்க நெருங்க, எங்கே வருகிறாய் என்று மணிக்கொரு தடவை கைபேசி அடிக்கும்.

அப்படி அவசரப்படுத்தி வரவழைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் வாசகர்கள் அறிய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், நாக்பூரை அடுத்த ஒரு கிடங்கின் வாசலில் அதிகாலை போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் இருபத்தைந்து வண்டிகளுக்கு மேல் நின்றன. வரிசை ஓரிடத்தில் நின்றால் படுத்துவிடலாம், அது நிற்காது. முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு வண்டி உள்ளே போகும், காவலாளி "ஆகே, ஆகே" என்று தகரத்தைத் தட்டிக்கொண்டு வருவார், எல்லோரும் ஒரு வண்டி நீளம் முன்னே எடுக்க வேண்டும். கண்ணயர்ந்து எடுக்காமல் விட்டால் பின்னால் இருக்கும் வண்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நாம் கடைசிக்குப் போக வேண்டியதுதான். வெளியே 45 டிகிரி வெயில். என்ஜினுக்குப் பக்கத்தில் படுக்கைப் பலகை கொதித்தது. ஈரத் துண்டை மார்பில் போட்டால் கால் மணியில் காய்ந்துவிடும். அங்கே ஒரு குழாயும் ஒரு கழிப்பறையும் இருந்தன. இரண்டும் கேட்டுக்கு உள்ளே இருந்தன, ஓட்டுநர்களுக்கு அனுமதி இல்லை. அந்த வாசலில் மட்டும் 38 மணி நேரம் நின்றேன். அதில் நான் தூங்கியது, முக்கால் மணி முக்கால் மணியாகக் கூட்டினால், ஐந்து மணி நேரம் இருக்கலாம். அந்த இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. அதே போன்ற வாசல்கள் நம் சேலத்திலும் இருக்கின்றன. அங்கே வடநாட்டு ஓட்டுநர்கள் நிற்கிறார்கள்.

மூட்டை இறங்கியதும், சேலம் லீ பஜாருக்குத் துவரம்பருப்பு லோடு தயாராக இருப்பதாக புக்கிங் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. விட்டால் இன்னும் இரண்டு நாள் காலியாக நிற்க வேண்டும் என்பதால் ஏற்றினேன். தருமபுரியைத் தாண்டும்போது அதிகாலை நான்கு மணி. எவ்வளவு அனுபவசாலியானாலும் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு தூக்கத்தைக் கேட்கும் நேரம். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. ஓட்டுநர்கள் மட்டுமே அறிந்தது. ஊர் நெருங்கும்போது மனம் தளர்ந்துவிடுகிறது. தொப்பூரிலிருந்து சேலத்துக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஆயிரம் கிலோமீட்டர் தாங்கிய விழிப்பு, வந்துவிட்டோம் என்ற நினைப்பில் அங்கேதான் நழுவுகிறது. பாரத்தோடு சரிவில் இறங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். என் கை கியர் குச்சியின் மேல்தான் இருந்தது. குறைத்தேனா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை. இடப்பக்கச் சக்கரம் ஓரக் கோட்டைத் தாண்டி ஜல்லியில் இறங்கிய சத்தத்தில் விழித்தேன். வண்டி அதற்குள் வேகம் பிடித்திருந்தது. அந்த வேகத்தில் கீழ் கியர் விழாது. பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டும், அதையும் விட்டுவிட்டு மிதித்தால்தான் டிரம் சூடேறிப் பிடி விடாமல் இருக்கும். எப்படியோ ஓரமாக நின்றது. லைனிங் கருகிய வாடை கேபின் முழுக்க அடித்தது. இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கால் நடுங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விடிந்தபோது இடப்பக்கம் சேர்வராயன் மலை தெரிந்தது. வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டு, "எங்க வந்துட்டு இருக்கறீங்க?" என்று கேட்டாள். தொப்பூர் வந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

இன்னும் இரண்டு மூன்று நொடி போயிருந்தால் மறுநாள் நாளிதழில் எனக்கும் அதே கடைசி வரி எழுதப்பட்டிருக்கும், அது உண்மையாகவும் இருந்திருக்கும். என்னை 38 மணி நேரம் நிறுத்திவைத்த வாசல் மட்டும் அந்தச் செய்தியில் எங்கும் இருந்திருக்காது.

எங்கள் பக்கத்துத் தவறுகளை நான் மறைக்கவில்லை. டீசலை மிச்சம் பிடிக்க அந்தச் சரிவில் நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள்; அது தற்கொலைக்குச் சமம், அடுத்தவர் உயிரையும் சேர்த்துப் பறிப்பது. அதற்குப் பலகைகள் வைத்து, எச்சரித்து, அபராதமும் போடுகிறார்கள், போடட்டும். தூக்கத்துக்கு எந்தப் பலகையும் போதாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 91ஆம் பிரிவில் அந்த அளவையே ஏற்றது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகப் பொருந்தவில்லை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் சேலத்திலும் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்து, அதுவும் கடனில் வைத்து ஓட்டுகிற சின்ன முதலாளிகள் எத்தனையோ பேர். இன்னொரு செய்தியை ஒரு தொழிற்சங்கத் தோழர் காட்டிய பிறகுதான் நான் அறிந்தேன். அந்தச் சட்டம் பணி நேரத்துக்குத் தந்த விளக்கத்தில், முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் வேலையாகச் சேர்த்திருந்தார்கள். பேருந்தை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள் போலும். எங்கள் காத்திருப்போ நாள் கணக்கில் போகிறது, அதை எந்தக் கணக்கிலும் எழுதுவார் இல்லை. எனக்கு நடைக்குத்தான் சம்பளம்; வண்டி நின்றால் எனக்கும் வருமானம் நிற்கிறது. ஹால்டிங் என்று காத்திருப்புக்கு ஏதாவது பணம் கிடைத்தாலும், பேசிப் பேசி வாங்குவதற்குள் முதலாளிக்கே போதும் போதும் என்றாகிவிடுகிறது. இழந்த நாளை ஈடுகட்ட ஒரே வழி, இரவில் தூங்காமல் ஓட்டுவது. காத்திருப்புக்கும் தூக்கக் கலக்கத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரானது.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் குளிர்சாதனக் கேபின் கட்டாயம் என்று ஆக்கியிருப்பதை மனதார வரவேற்கிறேன். ஆனால் என்ஜின் ஓடினால்தான் அது ஓடும். வாசலில் நிற்கிற இரண்டு நாளுக்கு யார் டீசல் போடுவார்கள்? பழைய வண்டிகளுக்கு அது வரவும் போவதில்லை.

படுக்க இடம் வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினால் பின்னால் வரும் வண்டி மோதும் ஆபத்து; பெட்ரோல் பங்கில் டீசல் அடித்தால்தான் நிற்க விடுவார்கள்; எங்கே நின்றாலும் பேட்டரியும் டீசலும் திருடு போகும் என்று ஒரு காதை விழிக்க வைத்துக்கொண்டே படுக்க வேண்டும். சேலத்தில் கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பைபாஸ் ஓரங்களில் வண்டிகள் நிற்பதைப் பார்த்துப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று தங்களுக்குக் கடிதங்கள் வருகின்றன. அவர்கள் சொல்வதும் நியாயமே. லாரித் தொழிலால் பெயர் பெற்ற இந்த வட்டாரத்தில் ஓட்டுநர் தூங்குவதற்கென்று வெளிச்சமும் காவலும் தண்ணீரும் உள்ள இடம் போதிய அளவில் இல்லை என்பதே அதன் காரணம். அப்படி ஓர் இடம் புதிதாக அமைப்பதானால், அது தொப்பூர் கணவாய்க்கு வடக்கே, தருமபுரிப் பக்கம், சரிவு தொடங்குவதற்கு முன்னால் அமைய வேண்டும். கணவாய் இறங்கி ஓமலூரில் கட்டினால், ஆபத்தைக் கடந்து உயிரோடு வந்தவர்களுக்குத்தான் அது பயன்படும்.

தங்களிடம் நான் கேட்பது சிறியது. இன்று ஒரு லாரி எங்கே, எப்போது இருந்தது என்பது மறைந்த செய்தி அல்ல. ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் பாஸ்டேக்கில் நேரம் பதிவாகிறது. பல வண்டிகளில் ஜி.பி.எஸ். இருக்கிறது, சரக்கு இறக்கும் இடங்கள் பலவற்றில் கேட் சீட்டு உண்டு. விபத்துக்கு முந்தைய மூன்று நாள்களில் அந்த வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது, எங்கே எத்தனை மணி நேரம் நின்றது என்பதை விசாரணை அதிகாரி ஒரே நாளில் வாங்கிவிடலாம். தருமபுரி, சேலம் மாவட்டச் செய்தியாளர்கள் விபத்துச் செய்தி எழுதும்போது அந்தக் கணக்கை எடுத்தார்களா என்று காவல் நிலையத்தில் கேட்டு, கிடைத்த பதிலை அந்தக் கடைசி வரிக்கு முன்னால் சேர்க்க வேண்டுகிறேன். மாவட்ட நிர்வாகம் தன் பங்குக்கு, இங்குள்ள குடோன்களும் ஆலைகளும் வண்டி வந்த நேரத்தையும் விடுவித்த நேரத்தையும் எழுதி, ஒரு பிரதியை ஓட்டுநர் கையில் கொடுக்கும்படி செய்யலாம். அந்தத் துண்டுச் சீட்டு கையில் இருந்தால் முதலாளி வாடகை பேசும்போது காட்டலாம், ஓட்டுநர் முதலாளியிடம் காட்டலாம்.

நான்கு ஆண்டுகளாக, ஏற்றுமிடம் இறக்குமிடம் ஒவ்வொன்றிலும் வண்டி போய் நின்ற நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் பள்ளிக்கூட நோட்டுகளில் தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது. செய்தியாளர் எவரேனும் பார்க்க விரும்பினால், அடுத்த நடை முடிந்து வந்ததும் தங்கள் சேலம் அலுவலகத்துக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர் ஒருவர்,
ஓமலூர் வட்டம், சேலம் மாவட்டம்.