கட்டகானாவுல எழுதிட்டா வேல முடிஞ்சுதாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கேமரா பக்கத்துல "ஜப்பானியர்களுக்கு கலைச்சொல் தொல்லையே இல்லை, ஆங்கிலச் சொல்லை அப்படியே கட்டகானாவில் எழுதிவிடுவார்கள்"னு ஒரு வரி வந்திருந்துச்சு. கட்டகானாங்கறது வெளிநாட்டு வார்த்தைங்கள எழுத ஜப்பான்ல வச்சிருக்கற எழுத்து. ரொம்ப சந்தோஷம் சார். அப்ப இங்க யோகோஹாமால உக்காந்து லென்ஸ் மேனுவல ஜப்பானிய மொழிக்கு மாத்திக் குடுத்து சாப்பிடுற நானெல்லாம் தண்டச்சோறுதான் போல.

உங்களுக்குத் தெரியாததில்ல, டெப்த் ஆஃப் ஃபீல்டுன்னா லென்ஸுக்கு முன்னாடி எதுலேர்ந்து எது வரைக்கும் ஷார்ப்பா தெரியுதுங்கறது, டெப்த் ஆஃப் ஃபோகஸ்னா லென்ஸுக்குப் பின்னாடி ஃபிலிமோ சென்சாரோ எவ்ளோ தூரம் வரைக்கும் முன்னபின்ன நகந்தா படம் கெடாதுங்கறது. மொதல்து ஹிஷகாய் ஷின்டோ, ரெண்டாவது ஷோட்டென் ஷின்டோ. ரெண்டுமே கான்ஜி, அதாவது சீனாலேர்ந்து வந்த எழுத்து, கட்டகானா எங்க சார் இருக்கு இதுல? லென்ஸோட துவாரத்த எஃப் 8க்கு மூடினா பின்னாடி மலையும் தெளிவா வரும்னு ஒரு மேனுவல்ல வரி, நான் ஹிஷகாய்னுதான் எழுதி அனுப்புனேன், ஏஜென்சில யாரோ ஒரு புண்ணியவான் கேக்காமயே ஷோட்டென்னு மாத்தி பிரிண்டுக்கு விட்டுட்டாரு. திட்டு வந்தது எனக்கு, காசு புடிச்சது என் பில்லுல. மேனுவல்ல நம்ம பேரு எங்கயும் வராது, பழின்னா மட்டும் சரியா வீடு தேடி வந்துரும்.

கட்டகானாவுல எழுதுனா அது இங்கிலீஷ்னு யாரு சொன்னா? ஃபோகஸுக்கு இங்க எல்லாரும் சொல்ற பின்ட்டோ, டச்சுக்காரங்களோட பிராண்ட்புன்ட்லேர்ந்து வந்தது. அபர்ச்சருக்கு, அதான் அந்தத் துவாரத்துக்கு, ஷிபோரி, துணிய முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துற வேலைக்கும் அதே பேருதான். ஃபோகஸ் இல்லாத புள்ளி வட்டமா மங்கித் தெரியுதே, அந்த சர்க்கிள் ஆஃப் கன்ஃப்யூஷனுக்கு சகுரான்என், அதுல சகுரான்னா புத்தி பேதலிக்கறது, உங்க கட்டுரையாளர் இத குறிச்சு வச்சுக்கலாம்.

படத்துல ஃபோகஸ் இல்லாத எடம் மங்கலா தெரியற அழகுக்குச் சொல்ற பொகே இன்னும் கொடும. அது இங்கேர்ந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்த, 1997ல ஒரு அமெரிக்க ஃபோட்டோ பத்திரிகை, ஜனங்க உச்சரிப்ப கெடுக்கக்கூடாதுன்னு கடைசில ஒரு ஹெச் ஒட்டுச்சு. நீங்க முன்னாடி ஒரு தடவ அத பிரெஞ்சு வார்த்த, பூங்கொத்துன்னு போட்டீங்க! அப்ப நான் எழுதின கடிதம் வந்து சேந்துச்சான்னு கூட ஒரு பதில் இல்ல.

பெருசா ஒண்ணும் கேக்கல. அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம், ஏதாவது மூலைல போடுங்க, ஹிஷகாய்ங்கறத மட்டும் எழுத்துப்பிழை இல்லாம.

இப்படிக்கு,
பழைய வாசகர், யோகோஹாமா