எங்களுக்கும் ஒரு ஓட்டு: திருநங்கை ஜமாத் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் திருநங்கைக் குடும்பமான ஜமாத்தின் தலைவி நாயக் அம்மாவுக்கும், எங்களை மகளாக ஏற்ற குருமார்களுக்கும் பாம்படுத்தி, நம் முறைப்படி வணக்கம்.

புது நாயக் வந்த அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். உள்ளே பெரியவர்கள் நான்கு பேர் முடிவு செய்தீர்கள். நாங்கள் வாசலில் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தோம்.

"எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள் எங்களில் சின்னவள். அதற்கு ஐயாயிரம் ரூபாய் தண்டு, அதாவது அபராதம். பதினேழு நாள் கடை கடையாகப் போய்க் காசு கேட்டுச் சேர்த்தாள். அவள் பாயில் கொட்டிய பணத்தில் பாதி பத்து ரூபாய்த் தாள்கள், மீதி சில்லறை. எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதுவரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

வீட்டில் விரட்டிவிட்ட எங்களுக்குச் சோறு போட்டு மகள் என்றவர்கள் நீங்கள். நிர்வாணம், அதாவது பெண்ணாக மாறும் அறுவை, ஆன பிறகு நாற்பது நாள் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவர் என் குரு. அதை மறந்தால் நான் மனுஷியே இல்லை. அதனால்தான் வெளியே போகாமல் உங்களிடமே கேட்கிறேன்: நாயக்கைத் தேர்ந்தெடுக்கும்போது குருவின் மகளான ஒவ்வொரு சேலாவுக்கும் ஒரு ஓட்டு வேண்டும்.

2000-இல் மத்தியப் பிரதேசத்தின் சோஹாக்பூரில் ஷப்னம் மௌசியை எம்.எல்.ஏ. ஆக்கியவர்கள் சாதாரண ஜனங்கள். 2022-இல் வேலூர் மாநகராட்சி 37-ஆவது வார்டு மக்கள் கங்கா நாயக்கைக் கவுன்சிலர் ஆக்கினார்கள். நம்மில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஊராருக்கு ஓட்டு இருக்கிறது. ஜமாத்துக்குள் எங்களுக்கு இல்லை.

அரசாங்கத்தின் மேலும் கோபம் உண்டு. அதே மத்தியப் பிரதேசத்தில், கட்னியில் மேயராக ஜெயித்த திருநங்கை கமலா ஜானை, பெண்களுக்கான இடத்தில் ஆண் நின்றதாகச் சொல்லிக் கோர்ட் மூலம் பதவியிலிருந்து இறக்கினார்கள். படிப்பிலும் வேலையிலும் நமக்கு இடஒதுக்கீடு கொடுக்கச் சொல்லி 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். மனுவோடு போனால் "உங்க தலைவி யாரு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எங்களுக்காகப் பேசப்போகிறவரை நாங்கள்தானே அனுப்ப வேண்டும்?

சரி, அந்தச் சண்டையை எல்லோரும் சேர்ந்து போடலாம். அதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்கு வரும் மற்ற ஊர் நாயக்குகளிடமும் பேசுங்கள். சின்னவளின் ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் எங்களையும் பாயில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு ஓட்டு கேளுங்கள். தயவுசெய்து.

உங்கள் சேலாக்களில் ஒருத்தி