பையனிடம் இப்படிச் சொல்லிப் பார்

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். நேற்று கல்மண்டபம் பக்கம் போயிருந்தேன். நாம் டியூஷனுக்கு நடந்துபோன வழியெல்லாம் மாறிவிட்டது, ஆனால் அந்த மீன் வாசம் அப்படியேதான் இருக்கிறது.

சரி, உன் பையன் விஷயம். பள்ளிக்கூடத்தில் யாரோ "ரெஸ்லிங் எல்லாம் டுபாக்கூர், யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சிடுவாங்க" என்று சொல்லிவிட, அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். எனக்கு மனசே கேட்கவில்லை. நமக்கும் அதே வயதில்தானே தெரிந்தது? தெரிந்த அன்றைக்கு நீ ரெஸ்லிங் வீரர்கள் படம் போட்ட கார்டுக் கட்டைத் தூக்கிச் சாக்கடை ஓரம் வீசினாய். நான் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

அவனிடம் நம்ம ரெஸ்லிங் வீரர் பிரெட் ஹார்ட் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிப் பார். கனடாவில் கால்கரி ஊர். அப்பா ஸ்டூ ஹார்ட், மல்யுத்தக் கம்பெனி நடத்தியவர். பன்னிரண்டு பிள்ளைகள், பிரெட் எட்டாவது, ஓவன் கடைக்குட்டி. எட்டுப் பையன்களும் ஏதோ ஒரு வகையில் அந்தத் தொழிலுக்கே வந்தார்கள். நான்கு பெண்களும் மல்யுத்த வீரர்களையே கட்டிக்கொண்டார்கள். வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை. 'டஞ்சன்' என்று பெயர். அங்கே ஸ்டூ பிடி போட்டால், கற்றுக்கொள்ள வந்தவன் அலறுவது மாடி வரை கேட்குமாம். அந்தச் சத்தத்தில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். வெளியாட்களும் அங்கே வந்து பழகினார்கள். நம்ம பக்கம் குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்வார்களே, ரத்த உறவைவிட வாத்தியாரை வைத்து? எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அந்த நிலவறையில் பிரெட் கற்றது அடிப்பதை மட்டுமில்லை மச்சான். எதிரே நிற்பவன் உடம்பு உன் கையில் இருக்கிறது, அவன் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. இத்தனை வருஷத்தில் தன் கையால் யாருக்கும் பெரிய காயம் பட்டதில்லை என்பதைத்தான் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். ஜெயித்த சாம்பியன் பெல்ட்டைவிட அதைத்தான்.

1992 லண்டன் வெம்ப்ளி ஆட்டம் நினைவிருக்கிறதா? சுமார் 80,000 பேர் கூடிய மைதானம். எதிரே தங்கை புருஷன் டேவி பாய் ஸ்மித். பேசி வைத்ததெல்லாம் டேவிக்கு மறந்துபோய்விட்டதாம். பிரெட்தான் காதோடு சொல்லிச் சொல்லி ஆட்டத்தை நடத்தி, கடைசியில் தோற்றும் கொடுத்தார். 1994 ரெசில்மேனியாவில், அதுதான் வருஷா வருஷம் நடக்கும் பெரிய ரெஸ்லிங் விழா, தம்பி ஓவனிடம் தோற்றார். அன்றைக்கே கடைசி ஆட்டத்தில் யோகோசுனாவை ஜெயித்து அவர் பெல்ட்டோடு நிற்க, தம்பி கீழே நின்று முறைப்பானே! நீ ஓவன் கட்சி, நான் பிரெட் கட்சி என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். உண்மையில் அண்ணன் தம்பிக்குள் ஒரு சண்டையும் இல்லை. தம்பியைப் பெரிய ஆளாக்க அண்ணன் கொடுத்த ஆட்டம் அது.

1997 மான்ட்ரியலில் பிரெட் ஆடிய கம்பெனியின் முதலாளியே பேச்சை மீறி, பிரெட் ஒப்புக்கொள்ளாமலே அவர் தோற்றதாக மணியடிக்க வைத்தார். அந்தக் கதை உனக்கே தெரியும். எனக்குத் தாங்காதது 1999 மே மாதம். கான்சாஸ் சிட்டியில் அரங்கத்தின் கூரையிலிருந்து இறங்கும் வேடிக்கைக்காக ஓவனை ஏற்றினார்கள். மாட்டியிருந்த பட்டை விடுபட்டு விழுந்து இறந்தார். வயது 34. அது சண்டையே இல்லை மச்சான். அந்த உயரத்தில் அவரைப் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை. அக்டோபரில் அதே அரங்கில் பிரெட் தம்பி நினைவாக ஓர் ஆட்டம் ஆடினார். அந்த டிசம்பரிலேயே ஓர் ஆட்டத்தில் எதிராளி கோல்ட்பர்க்கின் உதை ஒன்று தலையில் பட்டு மூளை அதிர்ந்தது. அடுத்த வருஷம் ஓய்வு, 2002-ல் பக்கவாதம். யாரையும் காயப்படுத்தாதவருக்கு அப்படி முடிந்தது.

அதனால் பையனிடம் பொய் சொல்லாதே. முடிவு முன்கூட்டியே தெரியும் என்றே சொல். அப்புறம், பின்னந்தலை தரையில் மோதாமல் இன்னொருவனைத் தூக்கிப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு தலையணையை வைத்துக் காட்டு. புரிந்துகொள்வான்.

மே மாத லீவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வா. வெம்ப்ளி ஆட்டத்தை மூன்று பேரும் உட்கார்ந்து பார்க்கலாம். சாயந்திரம் பீச்சு ரோட்டில் பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிடலாம். கார்டுக் கட்டு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. ஓவன் கார்டு சாக்கடைத் தண்ணீரில் கொஞ்சம் ஊறிப்போயிருந்தது, காயவைத்துத்தான் வைத்திருக்கிறேன். அதை உன் பையனுக்கே கொடுத்துவிடுகிறேன்.

அம்மாவை வெயிலில் விடாதே. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு.

உன் நண்பன்