நைலான் ஆர்ம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெங்களூருவில் ஆர்சி எனப்படும் ரிமோட் வண்டிப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சில வாரங்களாக எங்கள் கடையைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கையான ஆர்மை அலுமினியத்தில் கேட்டு வருபவர்களிடம் நாங்கள் நைலான் ஆர்மைத் தலையில் கட்டுகிறோம் என்றும், அது உடைந்தால்தான் மறுபடியும் கடைக்கு வருவார்கள் என்று கணக்குப் போடுகிறோம் என்றும் சொல்லப்படுகிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி விளக்கம் கேட்டீர்கள். நேரடியாகக் கேட்ட அந்த அன்புக்கு நன்றி.

வேகமாக ஓடும் ஆர்சி டிரக்கின் முன்சக்கரம் நடைபாதைக் கல்லில் மோதினால், அந்த அடி சக்கரத்திலிருந்து ஆர்முக்கும், ஆர்மைப் பிடித்திருக்கும் பின் என்ற கம்பிக்கும், அங்கிருந்து ஆர்ம் மாட்டியிருக்கும் தாங்கியான பல்க்ஹெட்டுக்கும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் போகிறது. நைலான் ஆர்ம் அந்த அடியில் வளைந்து, பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொண்டு, பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். மிகப் பலமான அடியில் அது உடையத்தான் செய்யும். ஆனால் பின்னை உருவிவிட்டுப் புது ஆர்மை நீங்களே வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். அலுமினியம் வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத சிறு வளைவுகூடப் பின்னை இறுக்கிப் பிடிப்பதால் சஸ்பென்ஷன் தாராளமாக ஏறி இறங்காது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். வளையாத அளவுக்குத் தடித்த அலுமினியம் என்றால், அடி அப்படியே பல்க்ஹெட்டில் இறங்கி அதில் விரிசல் விழும். அதை மாற்ற முன்பக்கத்தைப் பாதி பிரிக்க வேண்டும். அலுமினிய ஆர்மின் விலையும் அதில் எங்களுக்குக் கிடைக்கும் லாபமும் நைலானைவிட அதிகம் என்பதை, எங்களைச் சந்தேகிப்பவர்கள் தயவுசெய்து எண்ணிப் பார்க்க வேண்டும். விற்பனைதான் குறி என்றால் எளிதான வழி எங்கள் கண்முன்னே இருந்தது.

உலோகமே வேண்டாம் என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) டிரக்குகளில் முதலில் மாற்ற வேண்டியது முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ என்பதே எங்கள் கருத்து. கூடவே வரும் சர்வோவில் பெரும்பாலும் நைலான் பற்கள் இருப்பதால், சக்கரம் கல்லில் இடித்த வேகத்தில் அவை கழன்றுவிடுகின்றன. உலோகப் பல் சர்வோ போடுங்கள்; ஆனால் சர்வோவுக்குப் போகும் அடியைத் தணிக்கும் சர்வோ சேவரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக்கின் பிளாஸ்டிக் மூடி உயரத்திலிருந்து விழும்போது தெறித்துவிடும் என்பதால் அங்கே அலுமினிய மூடி நல்லது. டிராக்ஸஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ், ஸ்டாம்பீட், ரஸ்ட்லர் ஆகியவற்றின் பின்சக்கர இயக்க மாடல்களில் சக்கரத்தைச் சுழற்றும் பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்ட், 11.1 வோல்ட் 3எஸ் லைப்போவின் (மூன்று செல் கொண்ட லித்தியம் பேட்டரி) முறுக்கத்தைத் தாங்காமல் திருகிக்கொள்ளும்; 3எஸ் ஓட்டுபவர்களுக்கு எஃகு ஷாஃப்ட் தேவைதான்.

செலவில்லாத சில வேலைகள் இவற்றைவிட முக்கியம். மோட்டாரில் இருக்கும் சிறு பல்சக்கரமான பினியனுக்கும் அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியருக்கும் நடுவே ஒரு துண்டு நோட்டுக் காகிதத்தை வைத்து மோட்டாரை நெருக்கி முடுக்கிவிட்டுக் காகிதத்தை உருவினால் சரியான இடைவெளி கிடைக்கும். உலோகத்தில் ஏறும் திருகுகளுக்கு மட்டும் திருகு கழலாமல் பிடிக்கும் நீல நிற திரெட்லாக் பசை போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஏறும் திருகுகளுக்கு அது ஆகாது. லைப்போ போட்டு ஓட்டும்போது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியில் குறைந்த வோல்டேஜ் துண்டிப்பை இயக்கியிருக்கிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பேட்டரியைப் பல நாள் எடுத்து வைப்பதாக இருந்தால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். முழு சார்ஜில் வைத்த பேட்டரி சீக்கிரமே உப்பிவிடுகிறது. மழை நாளில் செம்மண் சேற்றில் ஓட்டினால், அன்றிரவே சக்கர பேரிங்குகளைக் கழற்றித் துடைத்து உலர்த்தி ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுத் துருப்பிடித்த பேரிங்கோடு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020ஆம் ஆண்டு பட்ஜெட்டில் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அதன் பிறகும் எங்களால் இயன்றவரை உதிரிப் பாகங்களின் விலையைப் பிடித்து வைத்தோம். பழுது பார்க்கும் மேசையில் இருந்த தம்பி, டிரோன் நிறுவனம் ஒன்றில் நல்ல வேலை கிடைத்துச் சென்றுவிட்டார். உங்கள் வண்டிகளை அவர் தன் வண்டியைப் போலப் பார்த்துக்கொண்டார். அவர் மேலும் உயர வேண்டும் என்று வாழ்த்துகிறோம். வேறொருவர் அமையும்வரை பழுது வேலை சனி, ஞாயிறு மட்டும் நடக்கும். பொருத்துகூலியும் சற்று உயர்கிறது.

அல்சூரிலிருந்தும் சிவாஜிநகரிலிருந்தும் மட்டுமல்லாமல் ஓசூர், கோலார் தங்கவயலிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும் உங்களால்தான் இந்தக் கடை நடக்கிறது. அந்தப் பேச்சு பரவியபோது குழுவிலேயே எங்களுக்காக எழுதிய நண்பர்களுக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி. அலுமினிய ஆர்ம்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு அதையும் வரவழைத்துத் தருகிறோம். வாங்குமுன் பழைய ஆர்மைக் கழற்றாமல் வண்டியோடு ஒருமுறை வாருங்கள். பல்க்ஹெட்டில் ஏற்கெனவே விரிசல் இருக்கிறதா என்று கட்டணமின்றிப் பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
அல்சூர், பெங்களூரு