பளபளப்பு தரமாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுகளைத் தேடத் தொடங்கிய நான், டெட்ராயிட்டில் 1959இல் பிறந்த மோட்டவுன் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் வெளியிட்ட, ‘சோல்’ எனும் கறுப்பின அமெரிக்கர் இசைவகையின் தட்டுகளை இன்றும் சேகரித்து வருகிறேன். சென்னை இளைஞர்கள் இந்த ஆர்வத்துக்குள் வருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் பழைய தட்டுகளை விற்போர் அவற்றின் நிலையைத் தரம் குறிப்பதில் காட்டும் அலட்சியம் வேதனை அளிக்கிறது.

அண்மையில் ‘நியர் மின்ட்’ (ஏறக்குறையப் புதியது) என்று சொல்லி விற்கப்பட்ட, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் (45 ஆர்.பி.எம்.) தட்டு ஒன்றை வாங்கினேன். கண்ணாடிபோல் பளபளத்த அத்தட்டு, ஊசியை வைத்ததும் பாடகியின் குரல் உயரும் இடமெல்லாம் கரகரத்தது. அது இசைத்தட்டுகளுக்கு வழக்கமான வினைல் பிளாஸ்டிக் அன்று; ஸ்டைரீன் என்னும் வேறொரு பிளாஸ்டிக். அறுபதுகளில் அமெரிக்காவில் இத்தகைய 7 அங்குலத் தட்டுகள் பல இந்தப் பொருளில்தான் வெளிவந்தன. கனமான ஊசியில் பலமுறை ஓடிய ஸ்டைரீன் தட்டின் பள்ளங்கள் உள்ளுக்குள் தேய்ந்திருக்கும். மேலே ஒரு கீறல்கூடத் தெரியாது. ஸ்டைரீன் தட்டின் நடுவிலுள்ள லேபிளின் விளிம்பை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் அது ஒட்டப்பட்டது என்பது புலப்படும். வினைலிலோ லேபிள் தட்டோடு சேர்த்தே அழுத்தப்பட்டிருக்கும்.

ஆகவே, விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து மட்டும் தரம் சொல்லாமல், முழுப் பாடலையும் ஒலிக்கவிட்டுக் கேட்ட பிறகே குறிக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் உறைக்குள் பூஞ்சை படிந்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. ‘வெரி குட்’ என்ற தரக்குறி சேகரிப்பாளர் வழக்கில் இரைச்சல் கேட்கும் தட்டையே குறிக்கும் என்பதைப் புதியவர்களுக்கு விற்போர் முன்கூட்டியே விளக்கிச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இசைத்தட்டுச் சேகரிப்பாளர்,
மயிலாப்பூர், சென்னை.